மூன்று நாள் விடுப்பும் பதினாறாம் நாள் காரியமும்: பெங்களூரு அலுவலகங்களுக்கு ஒரு துக்க விடுப்பு வழிகாட்டி

மடிவாளாவில் இரவு பத்து மணிக்கு பஸ் ஏறுகிறவர் திருநெல்வேலியில் இறங்கும்போது மறுநாள் காலை எட்டு, ஒன்பது ஆகிவிடும். அன்று பிற்பகல் எடுப்பார்கள். அடுத்த நாள் பால் தெளிப்பு. அதற்கு மறுநாள் பஸ் ஏறினால் அலுவலகக் கையேட்டில் இருக்கும் மூன்று நாள் தீர்ந்துவிட்டது. பதினாறாம் நாள் காரியம் அப்படியே பாக்கி. அதற்கு மறுபடியும் போய்வர மூன்று நாள் வேண்டும். ஊர் நாமக்கல்லாக இருந்தால் கொஞ்சம் குறையும், நாகர்கோவிலாக இருந்தால் கூடும்.

பெங்களூரில் வேலை பார்க்கும் தமிழர்களில் பலருக்குச் சாவு நடப்பது ஒரு ஊரில், சம்பளம் வருவது இன்னொரு ஊரில். ‘தொடர்ச்சியாக மூன்று நாள், நெருங்கிய குடும்பம் மட்டும், சான்றிதழ் இணைக்கவும்’ என்ற விதியில் ஒவ்வொரு சொல்லும் இங்கே தவறிப்போகிறது. எப்படித் தவறுகிறது, என்ன எழுத வேண்டும், எழுதியதை எப்படி நடத்த வேண்டும் என்று பார்ப்போம்.

சட்டத்தில் என்ன இருக்கிறது

கொஞ்சம்தான். தனியார் நிறுவனம் துக்க விடுப்பு என்று தனியாகத் தந்தாக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. கர்நாடகக் கடைகள் மற்றும் வணிக நிறுவனங்கள் சட்டம், 1961, நோய், விபத்து அல்லது ‘வேறு நியாயமான காரணம்’ என்பதற்காக ஆண்டுக்கு 12 நாள் வரை சம்பளத்துடன் விடுப்பு தருகிறது. சாவு நியாயமான காரணம்தான். ஆனால் அந்த 12 நாளில் கைவைத்தால், மார்ச்சில் அப்பாவைப் பறிகொடுத்தவர் ஜூலையில் டெங்குவில் படுத்தால் சம்பளம் போகும். ஆகவே துக்க விடுப்பைத் தனிக் கணக்காக வையுங்கள்; வேறு எந்த விடுப்பிலும் அது கழியக்கூடாது.

சட்டம் திட்டவட்டமாகப் பேசும் ஓர் இடத்தில்தான் ஹெச்.ஆர். அதிகம் தடுமாறுகிறது. கருச்சிதைவு நேர்ந்த பெண்ணுக்குச் சம்பளத்துடன் 6 வார விடுப்பு உரிமை. குழந்தை இறந்தே பிறந்தால் கதை வேறு: மகப்பேறு பற்றிய சட்டத்தில் ‘குழந்தை’ என்ற சொல்லே இறந்து பிறந்த குழந்தையையும் சேர்த்துத்தான் பொருள்படுகிறது. அவருக்கு மகப்பேறு விடுப்பு முழுதாக உண்டு. அதாவது 26 வாரம், ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் இருந்தால் 12 வாரம். ‘குழந்தைதான் இல்லையே’ என்று அதை 6 வாரமாக வெட்டுவது மனிதத்தன்மை அற்றது மட்டுமல்ல, சட்ட மீறலும்கூட. தகப்பனுக்குத் தனியார் துறையில் சட்டம் எதுவும் தரவில்லை. அதை உங்கள் விதிதான் தர வேண்டும்.

விதியை எழுதும் விதம்

கீழே இருப்பதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். எண்களைக் கூட்டிக் குறைத்தாலும் அமைப்பை மாற்றாதீர்கள்.

“பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், உடன்பிறந்தோர், மாமனார், மாமியார் ஆகியோர் இறந்தால் சம்பளத்துடன் 10 வேலை நாட்கள். தாத்தா, பாட்டி, பெற்றோரின் உடன்பிறந்தோர், உடன்பிறந்தோரின் கணவன் அல்லது மனைவி ஆகியோர் இறந்தால் 5 நாட்கள். பணியாளரை வளர்த்தவர், அவருடன் சேர்ந்து வாழ்ந்தவர் எந்த உறவானாலும் முதல் வகையில் சேர்வார். வேறு எவருடைய இறுதிச் சடங்குக்கும் 1 நாள். கர்ப்பம் கலைந்தாலோ குழந்தை இறந்து பிறந்தாலோ தகப்பனுக்கு 10 நாட்கள். விடுப்பை 12 மாதங்களுக்குள் எத்தனை தவணையாகவும், அரை நாளாகவும் எடுக்கலாம். 300 கிலோமீட்டருக்கு மேல் பயணம் இருந்தால், இரண்டு பயணங்கள் வரை, போக ஒன்று வர ஒன்று எனத் தனியாக நாட்கள் சேரும். இடையில் வரும் வார விடுமுறை கணக்கில் வராது.”

உறவுப் பட்டியலில் கவனிக்க வேண்டியது ஒன்று. ஆங்கிலக் கையேடுகளிலிருந்து எடுத்த பட்டியலில் அக்காவின் கணவர் இருக்க மாட்டார். ஆனால் அத்தான் இறந்தால், பிறந்த வீட்டுக் கோடி எடுத்துப் போக வேண்டியவன் தம்பிதான். அவன் போகாமல் அங்கே சடங்கு நகராது. தாய்மாமனுக்கும் இப்படியே. துக்கத்தின் அளவை உறவின் பெயரை வைத்துத் தீர்மானிக்க முடியாது என்பதால்தான் ‘வளர்த்தவர்’ என்ற வாசகம். சித்தி வளர்த்த பிள்ளைகள் நம்மிடையே நிறையப் பேர்.

‘இவனுக்கு இது மூன்றாவது பாட்டி’ என்று சிரிக்கிற மேனேஜர்கள் எல்லா அலுவலகத்திலும் உண்டு. அப்பாவைப் பெற்றவள், அம்மாவைப் பெற்றவள், அவர்களுடைய அக்கா தங்கைகள் என்று தமிழில் எல்லோரும் பாட்டிதான். நாலைந்து வரலாம்.

தவணை ஏன் அவசியம் என்றால், காரியங்கள் குடும்பத்துக்குக் குடும்பம் வேறுபடும். பல வீடுகளில் பால் தெளிப்புக்குப் பிறகு பதினாறாம் நாள். சில வீடுகளில் மகன் பத்து நாள் தினமும் கிரியை செய்து பதின்மூன்றாம் நாள்தான் எழுந்திருப்பார். கிறிஸ்தவர், முஸ்லிம் வீடுகள் பலவற்றில் நாற்பதாம் நாள் உண்டு. கணவனை இழந்த முஸ்லிம் பெண்ணுக்குக் காத்திருப்புக் காலமான இத்தா 4 மாதம் 10 நாள், அந்தக் காலத்துக்கு வீட்டிலிருந்தே வேலை என்பது நியாயமான ஏற்பாடு. வருஷத் திதியும் இருக்கிறது. அது ஆங்கிலத் தேதியில் வராது, முன்பின்னாக நகரும். பெயரையோ சாதியையோ மதத்தையோ வைத்து ஊகிக்காமல், எந்தெந்த நாள் வேண்டும் என்று அவரையே கேட்பது ஒன்றுதான் வழி.

சான்றிதழ் விஷயம். இறப்பைப் பதிவுசெய்ய 21 நாள் அவகாசம் இருக்கிறது; சான்றிதழ் கைக்கு வரும் தேதி ஊருக்கு ஊர் மாறும். திரும்பி வந்த முதல் நாளே அதைக் கேட்பது, இன்னும் பிறக்காத ஒரு காகிதத்தைக் கேட்பது. முதல் வகைக்குக்கூட ஒரு வரி சுய அறிவிப்பு போதும். தணிக்கைக்குக் கட்டாயம் ஏதாவது வேண்டுமென்றால் காரியப் பத்திரிகையின் படம் போதும், அதுவும் ஒரு மாதம் கழித்து.

விதி நன்றாக இருந்தும் மென்பொருள் கெடுப்பதுண்டு. விடுப்பு மென்பொருளில் நான்கு அமைப்புகளை நேரில் சோதியுங்கள்: நாட்களைப் பிரித்துப் போட முடிகிறதா, பின்தேதியிட்டு 30 நாள் வரை பதிய முடிகிறதா, பணியாளருக்காக மேனேஜர் பதிய முடிகிறதா, கோப்பு இணைக்காமல் அடுத்த பக்கம் போக முடிகிறதா. இடையில் வரும் வார விடுமுறையையும் விடுப்பாகக் கழிக்கும் ‘சாண்ட்விச்’ விதி இந்த வகைக்கு அணைக்கப்பட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் வெள்ளி, திங்கள் எடுத்தவருக்கு நான்கு நாள் கழியும்.

பெங்களூரு வளாகங்களில் துப்புரவு, காவல், கேன்டீன் வேலைகளில் தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கத்து ஆட்கள் பலர். அவர்கள் உங்கள் சம்பளப் பட்டியலில் இல்லை, ஒப்பந்ததாரரிடம் இருக்கிறார்கள். வராத நாளுக்குக் கூலி இல்லை. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது ‘துக்கத்துக்கு 5 நாள் கூலி, மாற்று ஆள் செலவு முதன்மை நிறுவனத்தினுடையது’ என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

முதல் போன்

செய்தி பெரும்பாலும் அகாலத்தில் வரும். மேனேஜர் பேச வேண்டியது இரண்டு நிமிடம்:

“கேள்விப்பட்டேன். நீங்க உடனே கிளம்புங்க. ஆபீஸ் விஷயம் எதையும் நினைக்க வேண்டாம், லீவ் நானே போட்டுடறேன். போறதுக்கு டிக்கெட் கிடைச்சுதா? கூட யாராவது வர்றாங்களா? ஏதாவது கேட்கணும்னா உங்களைக் கூப்பிட மாட்டேன், வேற யார் நம்பர் தர்றீங்க? டீம்ல என்னன்னு சொல்லட்டும்?”

கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். தற்கொலை, கருக்கலைவு, குடும்பத்தில் சண்டையோடு நடந்த சாவு என்றால் அவர் ‘குடும்பத்துல ஒரு இழப்புன்னு மட்டும் சொல்லுங்க’ என்பார். அதற்குமேல் ஒரு சொல்லும் வெளியே போகக்கூடாது.

கேட்கக்கூடாதவை: எப்படி நடந்தது, வயது என்ன, எப்போது வருவீர்கள். ‘வயசாயிடுச்சு, கல்யாணச் சாவுதானே’ என்பதை உறவுக்காரர்கள் சொல்லிக்கொள்ளலாம், மேனேஜர் சொல்லக்கூடாது. ‘எதுவும் தேவைன்னா சொல்லுங்க’ என்பதும் உதவாது. எது தேவை என்று யோசிக்கும் நிலையில் அவர் இல்லை. செய்யப் போவதைச் சொல்லுங்கள்.

பயணம்தான் முதல் உதவி. வெள்ளி இரவு பஸ் எல்லாம் நிறைந்திருக்கும், தட்கல் முந்தைய நாள் காலையிலேயே முடிந்திருக்கும். நிறுவனக் கணக்கில் ஒரு டாக்ஸி ஏற்பாடு செய்வதற்கான அதிகாரம் மேனேஜரிடமே இருக்கட்டும். இரவு பன்னிரண்டு மணிக்கு ஒப்புதல் கேட்டு மேலே எழுதிக்கொண்டிருக்க முடியாது. அதேபோல் 25,000 ரூபாய் வரை சம்பள முன்பணம் அன்றே கைக்குப் போக வழி வேண்டும், ஃப்ரீசர் பாக்ஸிலிருந்து பந்தல்வரை எல்லாம் ரொக்கம். அவரே காரை ஓட்டிக்கொண்டோ பைக்கிலோ ஓசூர் சாலையில் இறங்குவதை மட்டும் எப்படியாவது தடுங்கள். தூக்கமில்லாமல், அழுதுகொண்டு, இரவில், லாரிகளுக்கு நடுவே ஓட்டும் பயணம் அது.

அவர் ஊரில் இருக்கும்போது

மறுநாள் காலை பத்து மணிக்குள் செய்ய வேண்டியவை: அவசரத்துக்கு அழைக்கும் ஆன்கால் பட்டியலிலிருந்து பெயரை எடுப்பது, ஒப்புதல்களை இன்னொருவருக்கு மாற்றுவது, தானியங்கிப் பதில் அஞ்சலை ஐடி பிரிவே போட்டுவிடுவது, வாடிக்கையாளருக்கு மாற்று ஆளின் பெயரைச் சொல்வது. லேப்டாப் ஊருக்குப் போகக்கூடாது. ஒரு கடவுச்சொல்லுக்காக அவரைக் கூப்பிட வேண்டியிருந்தால், அது இந்தச் சாவுக்கு முன்பே உங்கள் அமைப்பில் இருந்த ஓட்டை.

அப்பாவோ அம்மாவோ நிறுவன மருத்துவக் காப்பீட்டில் இருந்து, ஆஸ்பத்திரியில் இறந்திருந்தால் இன்னொரு கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். பணம் கட்டித் திரும்பப் பெறும் கோரிக்கைக்குப் பாலிசியில் கெடு உண்டு. அவர் காரியத்தில் இருக்கும்போதே அது முடிந்துபோவது வழக்கமான விபத்து. ஹெச்.ஆர். காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதி அவகாசம் வாங்கி, பில்களைக் குடும்பத்தில் வேறு ஒருவரிடமிருந்து பெற்று, தானே தாக்கல் செய்ய வேண்டும்.

துக்கம் விசாரிக்கப் போனால் இரண்டு மூன்று பேர் போதும், பஸ் நிறைய வேண்டாம். மாலையில் நிறுவனத்தின் பெயர் பொறித்த ரிப்பன் வேண்டாம். அது விளம்பரத்துக்கான இடமல்ல. வசூலித்த பணத்தை உறையிலிட்டு வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் கொடுத்தால் போதும். உடன் வரும் கன்னட, வடநாட்டு நண்பர்களிடம் பறை, வெடி, ஒப்பாரி எல்லாம் இருக்கலாம் என்று வண்டியிலேயே சொல்லி வையுங்கள். எழுந்து வரும்போது ‘போயிட்டு வர்றேன்’ என்று சொல்லக்கூடாது. தலையசைத்துவிட்டு வந்துவிடுவதுதான் முறை. போனில் படம் எடுக்கவே வேண்டாம்.

திரும்பி வந்த பிறகு

முதல் நாள் காலை வரவேற்பில் இருக்கும் காவலருக்குத் தகவல் சொல்லி வையுங்கள். மொட்டையடித்து மீசை எடுத்தவரை முகம் பார்க்கும் வருகைக் கருவி சில சமயம் ஏற்காது. நாலு பேர் பின்னால் நிற்க, கருவி ‘தவறு, தவறு’ என்று கத்துவதுபோல் ஒரு வரவேற்பு யாருக்கும் வேண்டாம். காரியம் முடியும்வரை சவரம் செய்யாதவருக்கு உடை விதியைக் காட்டாதீர்கள். கணவனை இழந்து வந்த பெண்ணின் நெற்றியையும் கழுத்தையும் யாரும் பார்த்துப் பேசக்கூடாது. இதை டீமில் மூத்த பெண் ஒருவர் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

முதல் வாரம் அரை நாளாகவோ வீட்டிலிருந்தோ வேலை செய்யட்டும். துக்கம் தூக்கத்தையும் கவனத்தையும் ஞாபகத்தையும் கெடுக்கும். இது மன உறுதி சம்பந்தப்பட்ட விஷயமல்ல. மென்பொருள் வேலையில் முதல் இரண்டு வாரம் நேரடி வெளியீடும் பேரம் பேசும் கூட்டங்களும் வேண்டாம். பீன்யா தொழிற்பேட்டையில் பிரஸ், லேத் ஓட்டுகிறவர் என்றால் இது கையைக் காப்பாற்றும் விஷயம்: தனியாக இயந்திரத்தில் நிறுத்தாதீர்கள், இரவு ஷிப்ட் போடாதீர்கள். வேலையை முழுவதும் பிடுங்கிவிடுவதும் தப்பு. பலருக்கு அந்த நாட்களில் கையில் ஒரு வேலை இருப்பதே பிடிமானம். எதை வைத்துக்கொள்ள விருப்பம், எதைத் தள்ள விருப்பம் என்று அவரைக் கேட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள்.

மேனேஜர் முதல், மூன்றாம், ஆறாம், பன்னிரண்டாம் வாரங்களில் 15 நிமிடம் ஒதுக்கித் தனியாகப் பேச வேண்டும். ‘தூக்கம் வருதா? எந்த வேலை கஷ்டமா இருக்கு?’ என்ற இரண்டு கேள்வி போதும். பயிற்சி வகுப்புகளில் சொல்லித்தரும் துக்கத்தின் ஐந்து படிநிலைகளை (மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு) வைத்து அவரை அளக்காதீர்கள். மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் அவற்றை வகுத்தது சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளிடம் பேசி. உயிரோடு இருப்பவர்கள் அந்த வரிசையில் நடப்பதில்லை. மூன்றாம் மாதம் முதல் மாதத்தைவிட மோசமாக இருக்கலாம், உறவுக்காரர்கள் எல்லாம் போய்விட்டிருப்பார்கள். ஆண்டு மதிப்பீட்டில் அந்தக் காலாண்டின் இலக்குகளைக் குறையுங்கள், குறைத்ததை எழுத்தில் வையுங்கள்; அடுத்து வரும் மேனேஜருக்கு இது தெரியாது.

சாக வேண்டும் என்ற பேச்சு, திடீர்க் குடி, பல நாள் காணாமல் போவது இவை தெரிந்தால் மறுநாள்வரை காத்திருக்காதீர்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416. இலவசம், 24 மணி நேரமும், தமிழிலும் பேசலாம். ஓசூர் சாலையிலேயே நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை இருக்கிறது. நிறுவனம் ஆலோசகரை வைத்திருந்தால் தமிழில் பேசுபவர் உண்டா என்று முன்பே உறுதி செய்யுங்கள். அம்மாவைப் பற்றி ஆங்கிலத்தில் அழுவது பலருக்கு முடியாத காரியம்.

பணியாளரே இறந்தால்

பெங்களூரில் இறந்தவரின் குடும்பம் உடலோடு ஊருக்குப் போய்விடும். அதற்கு முன் ஹெச்.ஆர். ஒருவர் ஆஸ்பத்திரியில் நின்று பார்க்க வேண்டியது, இறப்பு பதிவாகும் இடம். சாவு எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவு; ஊரில் பதிய முடியாது. படிவத்தில் பெயர் ஆதாரில் உள்ளபடியே இருக்கிறதா என்று அங்கேயே சரிபார்த்தால், ஒரு விதவை திருத்தத்துக்காகப் பத்து முறை பெங்களூருக்கு வருவது மிச்சம். விபத்து என்றால் பிரேதப் பரிசோதனை, காவல்துறைக் காகிதங்கள் முடிந்த பிறகே ஆம்புலன்ஸ் கிளம்பும். குடும்பத்தோடு சக ஊழியர் இருவர் உடன் போகட்டும்.

பணத்தில் பலருக்கும் தெரியாதவை சில. வருங்கால வைப்பு நிதியில் இருப்பவருக்கு அந்த நிதியோடு இணைந்த ஈ.டி.எல்.ஐ. ஆயுள் காப்பீடு தானாகவே உண்டு, உச்சம் 7 லட்சம் ரூபாய். அதற்கு அவர் எதுவும் கட்டியிருக்க வேண்டியதில்லை, பங்கு முதலாளியுடையது. ஓய்வூதியத் திட்டத்தில் ஒரு மாதப் பங்களிப்பு இருந்தாலே துணைக்கு ஓய்வூதியம், 25 வயதுவரை இரண்டு பிள்ளைகளுக்கும் உண்டு. நிதி, காப்பீடு, ஓய்வூதியம் மூன்றையும் ஒரே கூட்டுப் படிவத்தில் கேட்கலாம். பணிக்கொடைக்கு ஐந்து ஆண்டு என்ற நிபந்தனை சாவுக்குப் பொருந்தாது. பணிக்கொடைக்குக் கணக்காகும் கடைசி மாத ஊதியம் 40,000 ரூபாய், சர்வீஸ் 3 ஆண்டு என்றால்: 40,000 × 15 ÷ 26 × 3 = 69,231 ரூபாய். 30 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். இ.எஸ்.ஐ.யில் இருந்தவருக்கு ஈமச் செலவு 15,000 ரூபாய்.

இவை சிக்கும் இடம் இரண்டு. ஒன்று, நியமனம், அதாவது பணம் யாருக்குப் போக வேண்டும் என்று நாமினி பெயர் குறிப்பது. கல்யாணத்துக்கு முன் குடும்பம் இல்லாத நிலையில் யாரையோ நியமித்தது, குடும்பம் வந்ததும் வைப்பு நிதியில் செல்லாது. புதிதாகப் போடாமல் விட்டவர்களின் வீட்டில்தான் மாமியாரும் மருமகளும் தாசில்தார் அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழுக்கு நிற்கிறார்கள். ஆண்டுக்கொருமுறை, சம்பள உயர்வுக் கடிதம் தரும் வாரத்தில், ஆன்லைன் நியமனத்தை எல்லோரையும் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். இரண்டாவது, நம் இனிஷியல். ‘கடைசிப் பெயர்’ கட்டத்தைக் காலியாக விட முடியாததால் அப்பா பெயர் அதில் ஏறிவிடும். ஆதாரில் இனிஷியல் முன்னால், பான் அட்டையில் அப்பா பெயர் பின்னால், வைப்பு நிதியில் இரண்டும் ஒட்டி ஒரே சொல். உயிரோடு இருக்கும்போது அவரே திருத்த அரை மணி நேரம் ஆகும். இறந்த பிறகு மாதங்கள்.

குடும்பத்தின் மருத்துவக் காப்பீட்டை பாலிசி ஆண்டு முடியும்வரையாவது நீட்டித்துக் கொடுங்கள். அஞ்சல் பெட்டியை உடனே அழிக்காதீர்கள், வங்கி, காப்பீட்டுத் தகவல் அதில் இருக்கும். ஆனால் பிறந்தநாள் வாழ்த்து அனுப்பும் தானியங்கிப் பட்டியலிலிருந்து பெயரை அன்றே எடுத்துவிடுங்கள். ஊழியர் பெயர் மட்டுமல்ல, இறந்த துணையின் பெயரோடு போகும் திருமண நாள் வாழ்த்துகளும் அதே பட்டியலில்தான் இருக்கும்.